இடம் கிடைத்த பிறகு



நம் பிள்ளை ஒன்று மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தால் தெருவே கொண்டாடுகிறது. பேனர் வைக்கிறோம், சால்வை போர்த்துகிறோம். அன்று இரவு விடுதியில் அந்தப் பிள்ளை யாரோடு உட்கார்ந்து சாப்பிடும் என்று மட்டும் கேட்பதில்லை. இந்த நினைவுச் சொற்பொழிவில் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நியூயார்க்கிலிருந்து ஒரு வரலாறு. அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஃபிரட்டர்னிட்டி' என்னும் மாணவர் சங்கங்கள் உண்டு. சகோதரத்துவம் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். தங்குமிடம், மூத்த மாணவர்களின் உதவி, பெரிய டாக்டர்களின் அறிமுகம் எல்லாம் அதன் வழியாக வரும். யூத மாணவர்களை அந்தச் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. சகோதரத்துவம் என்று பெயர் வைத்துக்கொண்டே கதவைச் சாத்தினார்கள்.

1904 அக்டோபர் 13 அன்று கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஆரன் பிரவுனும் அவருடைய நண்பர்கள் எட்டுப் பேரும் சேர்ந்து 'ஃபை டெல்டா எப்சிலான்' என்ற தங்கள் சொந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1907இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 'ஃபை லாம்டா கப்பா' தோன்றியது. கறுப்பின மருத்துவர்கள் இதற்கு முன்பே, 1895இல், தங்களுக்கென்று தேசிய மருத்துவச் சங்கம் கண்டிருந்தார்கள். அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க 1913இல் போய் இறங்கியதும் இதே நியூயார்க்கில்தான்.

1920களில் அங்கே நிலைமை இன்னும் மோசமானது. இத்தனை யூதர்களுக்கு மேல் வேண்டாம் என்று பல மருத்துவக் கல்லூரிகள் எழுதாத சட்டம் போட்டன. அதற்கும் பெயர் 'கோட்டா'. இந்தச் சொல்லைச் சொல்லி நம்மைக் கேலி செய்பவர்களுக்கு நாம் ஒன்றை விளக்க வேண்டும். அந்தக் கோட்டா கூரை: இதற்கு மேல் வராதே என்பது. நம் இட ஒதுக்கீடு தரை: இதற்குக் கீழே குறையாதே என்பது.

அந்தத் தரையைப் போடும் சண்டையும் மருத்துவக் கல்லூரி வாசலில்தான் நடந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்தவை 4 மருத்துவக் கல்லூரிகள், 330 இடங்கள். வகுப்புவாரி அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடத்திலும் தாழ்த்தப்பட்டோருக்கு 2. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழகம் கொந்தளித்தது. பெரியார் கிளர்ச்சி செய்தார். அண்ணல் சட்ட அமைச்சராக இருந்த காலத்தில், அதே ஆண்டு ஜூனில், முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. 15(4) பிரிவு பிறந்தது.

ஆனால் சட்டத்தால் வகுப்பறைக் கதவைத்தான் திறக்க முடிந்தது. உள்ளே என்ன நடந்தது? தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் சாதிப் பாகுபாடு பற்றி விசாரிக்க 2006இல் பேராசிரியர் சுக்தேவ் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2007 மே மாதம் அறிக்கை வந்தது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியில் குறிப்பிட்ட மாடிகளுக்கு நெருக்கித் தள்ளப்பட்டதை அது பதிவுசெய்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு இல்லை என்று அந்த மாணவர்களில் சுமார் 69 சதவீதம் பேர் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. நான் முதுகலை படித்த விடுதியிலும் எங்கள் ஐந்து பேரின் அறைகளும் ஒரே வரிசையில்தான் இருந்தன. அது தற்செயல் என்றார்கள். அந்த வரிசையில் இருந்த ஒரு சீனியர் அண்ணன் தன் நோட்டுகளை என் கையில் கொடுத்து, "யார் என்ன சொன்னாலும் பரீட்சை எழுதாம ஊருக்குப் போயிடாதே" என்றார். நான் படிப்பை முடித்ததற்கு அந்த ஒரு வாக்கியமும் காரணம்.

2019 மே 22 அன்று மும்பையில் மருத்துவ மேற்படிப்பு மாணவி பாயல் தாட்வி உயிரை மாய்த்துக்கொண்டார். ஆதிவாசிப் பெண். சாதியைச் சொல்லித் துன்புறுத்தினார்கள் என்று அவருடைய தாய் நீதி கேட்டுப் போராடுகிறார். மதிப்பெண், இடம், பட்டம் எல்லாம் பாயலிடம் இருந்தன. அவரைச் சுற்றி ஒரு சங்கம் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

யூதர்களின் கதையை நாம் அப்படியே நகல் எடுக்க முடியாது. மற்ற மருத்துவமனைகள் பயிற்சிக்கு மறுத்தபோது அவர்களுக்கு மவுண்ட் சைனாய் போன்ற, தங்கள் சமூகமே கட்டிய மருத்துவமனைகள் இருந்தன. நமக்கு அப்படி எதுவும் இல்லை. நமக்கு இருப்பது அரசு மருத்துவமனை. ஆகவே நம் சங்கம் தோள் கொடுப்பதோடு நிற்காமல், அரசு நிறுவனத்திடம் உரிமையும் கேட்க வேண்டும். இன்னொன்று: அவர்களுடைய சங்கம் தொடக்கத்தில் ஆண்களின் சங்கம். நம்முடையது முதல் நாளிலிருந்தே பெண்களின் சங்கமாகவும் இருக்க வேண்டும்.

தனிச் சங்கம் வைப்பதே சாதி பார்ப்பதுதானே என்று கேட்பார்கள். ஃபை டெல்டா எப்சிலான் இன்று எல்லா மதத்தாருக்கும் திறந்திருக்கிறது. கதவைச் சாத்தியவர்கள் முதலில் திறக்கட்டும்.

இந்த முள்ளிப்பட்டில் தறியில் ஓர் இழை அறுந்தால், நெய்பவர் கையை நிறுத்தி அதை முடிந்துவிட்டுத்தான் அடுத்த ஊடையை ஓட்டுகிறார். நம் பிள்ளைகள் விஷயத்தில் அந்தக் கவனம் நமக்கு வேண்டும். ஆரணி வட்டாரத்திலிருந்து இந்த ஆண்டு மருத்துவம், நர்சிங், பார்மசி படிக்கப் போகும் நம் பிள்ளைகள் யார் யார்? கூட்டம் கலைவதற்குள் பெயர்களை எழுதுவோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கும் ஓர் அண்ணன் அல்லது அக்காவின் பெயரை எழுதுவோம். சங்கம் அந்தத் தாளிலிருந்து தொடங்கட்டும்.