முள் சொல்லும் உண்மை

கல்கிசையை அடுத்த இரத்மலானையில் 1935-இல் முதல் விமானம் இறங்கியது. இன்றும் அங்கே விமானிகள் பயில்கின்றனர். மேகத்துள் நுழையும் விமானியை அவனுடைய உட்செவியே ஏமாற்றிவிடும். அப்போது கருவியின் முள்ளே துணை. முள்ளை நம்பும் பழக்கத்தைத் தரையிலேயே ஊட்டுவதற்காக, 1929-இல் அமெரிக்கரான எட்வின் லிங்க், ஆர்கன் என்னும் இசைக்கருவியின் துருத்திகளைக் கொண்டு பயிற்சிப் பொறி அமைத்தார்.

இன்று ஆர்வலர்கள் அத்தகைய பொறியை வீட்டிலேயே அமைக்கின்றனர். பழைய விமானத்தின் உயரமானியிலிருந்து, காற்றழுத்தத்திற்கேற்ப விரிந்து சுருங்கும் உலோகச் சிமிழை அகற்றி, படிப்படியாகச் சுழலும் சிறு மோட்டாரைப் பொருத்துகின்றனர். கணினி கூறும் உயரத்தை ஆர்டுயீனோ போன்ற நுண்கட்டுப்படுத்தி மின்துடிப்புகளாக்கி முள்ளைத் திருப்புகிறது.

அளவு பிழைத்தால் முள் பொய்யுரைக்கும். பயில்பவரோ அப்பொய்யையே நம்பப் பழகுவார். ஆதலின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் முள் நிற்குமிடத்தைச் சோதித்துத் திருத்துதல் வேண்டும்.