'வடிவாயிருக்கு' என்று சொன்ன பிறகு...

பிள்ளை ஒரு படம் கீறிக்கொண்டு வந்து நீட்டினால் எங்கள் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். ஒன்று, "நல்ல வடிவாயிருக்கு." மற்றது, "கை என்ன கோணலாக் கிடக்கு?" முதலாவது பிள்ளையை மகிழ்விக்கும். ஆனால் அடுத்த படத்தைக் கீற அது எந்த உதவியும் செய்யாது. இரண்டாவதில் ஒரு தகவல் உண்டு. ஆனால் அதைக் கேட்ட பிள்ளை கொப்பியை மூடிக்கொண்டு போய்விடும்.

புலம்பெயர்ந்த குடும்பங்களில் இது சின்ன விடயம் அல்ல. மனதில் இருப்பதைத் தமிழில் சொல்லத் தடுமாறும் பிள்ளைகூடப் படத்தைக் காட்டும். அதைப் பற்றி நாங்கள் பேசும் விதத்தைப் பொறுத்துத்தான் அடுத்த படமும் எங்கள் கைக்கு வரும்.

ஒரு விமர்சனமும் முறிந்த நட்பும்

வின்சென்ட் வான்கோ 1885இல் நெதர்லாந்தின் நியூனன் கிராமத்தில் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' என்ற ஓவியத்தைத் தீட்டினார். ஏழை விவசாயக் குடும்பம் ஒன்று விளக்கொளியில் இரவு உணவு உண்ணும் காட்சி அது. அதைக் கல்லச்சிலும் எடுத்து, பிரதி ஒன்றைத் தன் நண்பரான ஓவியர் அன்ரன் வான் ரப்பார்ட்டுக்கு அனுப்பினார்.

ரப்பார்ட்டின் பதில் கடுமையாக இருந்தது. பெண்ணின் கை, ஆணின் முழங்கால், குட்டையான புயம், மூக்குகள் என்று குறைகளை அடுக்கி, இதை அக்கறையோடு செய்த வேலையாகவே கொள்ள முடியாது என்ற பொருளில் எழுதினார். வான்கோ அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதே ஆண்டில் அவர்களின் நட்பு முடிவுக்கு வந்தது.

அச்சில் உடலமைப்புக் குறைகள் இருந்தது உண்மை. ஆனால் வான்கோ என்ன காட்ட முயன்றார் என்று ரப்பார்ட் கேட்கவில்லை. மண்ணைக் கிண்டிய அதே கைகளால்தான் இவர்கள் உண்கிறார்கள் என்பதைக் காட்ட விரும்பியதாக வான்கோ தம்பி தியோவுக்கு எழுதியிருந்தார். அந்தக் கைகளின் முரட்டுத்தனம் அவர் தெரிந்தே செய்தது. இன்று அந்த ஓவியம் அம்ஸ்ரர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பாணி வேறு, நுட்பம் வேறு

யப்பானிய மங்கா பாணியில் முகத்தின் பாதிக்குக் கண்களைக் கீறும் பிள்ளையிடம் "ஆருக்குக் கண் இவ்வளவு பெரிசு?" என்று கேட்பதில் பயனில்லை. அது பிள்ளை தெரிந்து எடுத்த பாணி. ஆனால் ஒரு கண் மற்றதைவிடத் தற்செயலாக மேலே போயிருந்தால் அது நுட்பக் குறை. சூரியன் இடப்பக்கம் இருக்க நிழலும் இடப்பக்கமே விழுந்தாலும் அப்படித்தான்.

"இது என்ர ஸ்ரைல்" என்ற பதில் சில வேளை ஒளிந்துகொள்ளும் இடமாகவும் இருக்கும். எல்லாப் படத்திலும் கைகள் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தால், பிள்ளைக்குக் கை கீறுவது கடினமாக இருக்கலாம். அங்கே உதவி தேவை.

நான்கு படிகள்

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லேர்மன் 1990இல் உருவாக்கிய கருத்துக்கூறும் முறை ஒன்று நடனத்துக்கு அப்பாலும் பல கலைகளில் பயன்படுகிறது. அதை வீட்டுக்கும் கொண்டுவரலாம்.

முதலில், எங்களைத் தொட்டதைச் சொல்வது: "குடைக்குள்ள இருக்கிற மஞ்சள் வெளிச்சம்தான் முதலில கண்ணில பட்டது."

இரண்டாவது, கீறியவர் கேட்பது. "முகம் சரியா வந்திருக்கோ?" என்று பிள்ளை கேட்டால் முகத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

மூன்றாவது, தீர்ப்பு ஒளிந்திராத கேள்வி. "ஏன் இவ்வளவு இருட்டு?" என்பதில் குறை சொல்லும் தொனி உண்டு. "இது என்ன நேரம்?" என்பதில் அது இல்லை.

நான்காவது, அனுமதி கேட்டுக் கருத்துச் சொல்வது: "நிழலைப் பற்றி ஒண்டு சொல்லட்டோ?" பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் போதும். பிள்ளையின் படத்தில் எங்கள் பென்சிலை வைக்கக்கூடாது. வேறு தாளில் கீறிக் காட்டலாம்.

வயதும் முக்கியம்

நாசிகளிடமிருந்து தப்பி 1938இல் ஒஸ்ரியாவை விட்டு வெளியேறிய கலைக்கல்வியாளர் விக்ரர் லோவன்ஃபெல்ட், பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் பல கட்டங்களாகப் பிரித்து 1947இல் நூல் எழுதினார். சிறு பிள்ளை வீட்டைவிட அம்மாவைப் பெரிதாகக் கீறுவது, தனக்கு முக்கியமானதைப் பெரிதாகக் காட்டுவதே. அதைத் திருத்தத் தேவையில்லை. ஒன்பது வயதளவில்தான் பிள்ளை தன் படம் உண்மைபோல் இல்லையே என்று தானே குறைப்படத் தொடங்கும். "எனக்குக் கீற வராது" என்று பலர் கைவிடும் வயதும் அதுதான். அப்போது, நேரே பார்க்கும் முகத்தில் கண்கள் தலையின் நடு உயரத்தில் வரும் என்பது போன்ற சிறு நுட்பம் பெரிய உதவி.

கருத்தைக் கேட்பவருக்கு

கேட்டவுடன் நியாயம் சொல்லத் தொடங்காமல், "எந்த இடம்?" என்று கேளுங்கள். பலர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் மருந்து சரியாக இருக்கவேண்டும் என்றில்லை. படத்தைக் கண்ணாடியில் பிடித்துப் பாருங்கள். ஐபாட்டில் கீறினால் இடம்வலம் மாற்றிப் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தெரியாத சரிவு உடனே தெரியும்.

எங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமே நேரும் ஒரு 'பிழை'யும் உண்டு. பனையைக் கண்டிராத பிள்ளை, அம்மம்மாவின் ஊரைக் கீறும்போது தென்னையைக் கீறிவிட்டுப் பனை என்று சொல்லும். "இது பனையே?" என்று சிரித்தால் அந்த ஊர் பிள்ளைக்கு இன்னும் தூரமாகும். பனையோலை விசிறி போல விரியும், தென்னோலை இறகு போல நீளும், பனையின் அடிமரம் கறுத்துப் பருத்திருக்கும் என்று சொல்லிக்கொடுங்கள். அம்மம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, படத்தைக் காட்டி, வளவில் வேறென்ன நின்றது என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். மீதியை அவர் சொல்லிக்கொடுப்பார்.