உச்சி வெயிலும் வகுப்பறைக் கூரையும்

ஆரணியில் பட்டுத்தறி ஓடிய பழைய வீடுகளுக்கு நாட்டு ஓடுதான் கூரை. ஓடுகளின் இடுக்கு வழியே சூடான காற்று வெளியேறிவிடும். நெசவாளர் கால் இறக்கி உட்காரும் தறிக்குழியில் ஈரம் தங்குவதால், பட்டிழை காய்ந்து அறுபடாது. அந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கோ இன்று பெரும்பாலும் கான்கிரீட் தளம், சில இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றினார்கள். அகற்றியதுதான் சரி. ஆனால் கீற்று வெயிலைத் தடுத்த அளவுக்கு, அதன் இடத்தில் வந்த பொருள்கள் தடுப்பதில்லை.

ஏப்ரல் 23, ஆகஸ்ட் 20 தேதிகளை ஒட்டி நடுப்பகல் சூரியன் ஆரணியின் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நேரத்தில் சுவரில் வெயில் படுவது குறைவு. கூரைதான் முழுவதையும் தாங்குகிறது. மெல்லிய ஷீட் சில நிமிடங்களிலேயே சூட்டைக் கீழே இறக்கிவிடும். நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளத்துக்கு அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அதனால் உச்சிப் பொழுதில் தளம் வாங்கிய வெயில், பிற்பகல் வகுப்பு நடக்கும்போது பிள்ளைகளின் தலைக்கு மேல் வந்து சேர்கிறது. மூன்று மணிக்கு மேஜைமேல் ஏறி உட்கூரையில் கை வைத்துப் பாருங்கள், தெரியும்.

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான். உட்கூரை சுடும்போது அந்த அனலையும் சேர்த்தே கீழே தள்ளுகிறது. சாதாரண விசிறி ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். புதிய பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். மின்கட்டணம் குறையும், கூரைச் சூடு குறையாது.

ஆகவே கை வைக்க வேண்டியது கூரையில்தான். நம் கொத்தனார்கள் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, தட்டோடு பதித்தது இதற்காகவும்தான். இன்று செலவு குறைந்த வழி வெள்ளை அடிப்பது. வெறும் சிமென்ட் தளம் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்ளும். புதிதாக அடித்த வெள்ளை அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா 2023-இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது.

வெள்ளையாக அடித்த சுண்ணாம்பு மழையில் கரையும். ஆண்டுதோறும் மறுபடி அடிக்க வேண்டும். வெள்ளை அடிக்கும்போது பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் தேய்க்கவோ துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் விசிறி கேட்பதற்கு முன் மொட்டைமாடிக்கு வெள்ளை அடிக்கக் கேளுங்கள். மார்ச் பிறப்பதற்குள் வேலை முடியட்டும்.