மெழுகு விரிந்த கோடு

தாம்பரம் பக்கத்துச் செம்பாக்கத்தில், எங்கள் தெருவில் ஓர் அக்கா ஆரி வேலை செய்கிறார். முன்னறையில் பாதியை மரச் சட்டமும் அதில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணியும் அடைத்துக்கொண்டிருக்கும். சட்டத்துக்கு மேலே வலது கையில் கொக்கி முனை ஊசி, கீழே இடது கையில் நூல். பார்க்கிறவர்களுக்கு இடது கை தெரியாது. நூலை விடுவதும் இறுக்குவதும் அந்தக் கைதான். வேலை கொடுக்க வரும் பெண்கள் ரவிக்கைத் துணியை எடுப்பதற்கு முன்பே செல்போனை நீட்டிவிடுவார்கள்.

“இதே மாதிரி வேணும்க்கா.”

“இதே மாதிரின்னா இதைப் போட்டவங்ககிட்டயே போகணும்மா. என் கையில போட்டா என் மாதிரிதான் வரும்” என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஆர்டரையும் வாங்கிக்கொள்வார். வாடகை என்று ஒன்று இருக்கிறதே.

வயிற்றுப்பாட்டுக்கும் சொந்தக் கைக்கும் நடுவே இப்படி ஓர் இழுபறி எல்லாக் காலத்திலும் உண்டு. அதற்கு ஊரே கட்டி விடை தேடியவர்கள் இங்கிருந்து வெகுதூரத்தில் இல்லை. மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டு வடக்கே திரும்பினால் ஈஞ்சம்பாக்கம் வந்துவிடும். 1966இல், அந்தச் சாலை இன்றைய வடிவம் எடுப்பதற்கு வெகுகாலம் முன்பு, மணலும் சவுக்கும் நிறைந்திருந்த அந்த இடத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் எழுந்தது.

அதற்கு அடிபோட்டவர் கே.சி.எஸ். பணிக்கர். 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக அப்போது இருந்தார். அவரிடம் படித்து வெளியே வந்த பிள்ளைகளின் ஓவியங்களை வாங்க ஊரில் ஆள் இல்லை. ஏதாவது வேலையில் சேர்ந்தால் சோறு கிடைக்கும், தூரிகை காய்ந்துவிடும். பணிக்கர் கண்ட வழி கைவினை. ஒரு கைவேலையைக் கற்றுக்கொள், அது அடுப்பை எரிக்கட்டும், ஓவியத்தை யாருக்காகவும் மாற்றாதே. ஓவியர்கள் சேர்ந்து கைவினைச் சங்கம் அமைத்தார்கள். பாத்திக் துணிகளும் மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணமும் கைக்காசும் சேர்ந்து நிலமாயிற்று.

சோற்றுக்காகச் செய்த பாத்திக்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். எந்த இடத்தில் சாயம் ஏறக் கூடாதோ அங்கே உருக்கிய மெழுகைத் தடவ வேண்டும். சுடுநீர்ச் சாயம் ஆகாது, மெழுகு கரைந்துவிடும். குளிர்ந்த சாயத்தில்தான் முக்க வேண்டும். முதலில் வெளிர் நிறம், காய்ந்ததும் மறுபடி மெழுகு, பிறகு அடர் நிறம். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்க வேண்டும். நடுவில் எங்கோ மெழுகு விரிசல் விட்டு, அந்த விரிசல் வழியே சாயம் நுழைந்து மயிரிழைக் கோடுகளாகப் படர்ந்துவிடும். புதிதாகக் கற்பவருக்கு அது பிழை. கை பழகியவருக்கு அதுதான் பாத்திக்கின் உயிர். பாரஃபின் மெழுகு கூடினால் விரிசல் கூடும், தேன்மெழுகு கூடினால் குறையும். துணியை எங்கே கசக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று அவர் கணக்குப் போடுகிறார். பிழை தானாக வரும். அதை எப்போது விடலாம், எப்போது தடுக்கலாம் என்று தெரிந்துகொள்ளும்போது அது பாணியாகிறது.

இப்படிக் கைவினை ஓவியர்களுக்குள் புகுந்து வேலை செய்தது. சிற்பி பி.வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களைப் பார்த்தால் கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசம் நினைவுக்கு வரும். பணிக்கரே எத்தனையோ ஆண்டுகள் நிலக்காட்சிகளும் மனிதர்களும் வரைந்தவர். எழுத்தும் ஜாதகக் கட்டமும் போலக் குறிகள் நிரம்பிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை 1963இல் தொடங்கியபோது அவருக்கு வயது 52. தன் கையெழுத்து கைக்கு வர அவ்வளவு காலம் பிடித்தது.

அந்தக் காலத்துச் செம்பாக்கத்தில் ஓவியர் கிராமம் எதுவும் இல்லை. ஏரியும் வயலும் இருந்தன. வீடுகள் பெருகியபோது ஒயர் கூடையும், கைக்குட்டை ஓரத்துப் பூவேலையும், தலையணை உறையில் இரட்டைக் கிளியும் வந்தன. மாதிரி என்று கிடைப்பது வார இதழில் வந்த ஒரு பக்கம்தான். அதைக் கார்பன் தாள் வைத்து எடுத்து நாலு வீட்டுக்குக் கொடுப்பார்கள். நூலோ மணியோ நிறையத் தேவைப்பட்டால் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பாரிமுனை போய், தேவராஜ முதலி தெருவில் அலைய வேண்டும். கேட்ட பச்சை கிடைக்காவிட்டால் இருக்கிற பச்சையில் கிளி பறக்கும். நாலு வீட்டுக் கிளியும் நாலு விதமாகப் போனது அப்படித்தான். பாணி வேண்டும் என்று யாரும் தேடவில்லை. பற்றாக்குறையே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

இன்று பற்றாக்குறை இல்லை. 2021இல் செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. கட் பீட்ஸும் குந்தன் கல்லும் ஜர்தோசியும் கூரியரில் வாசலுக்கே வருகின்றன. யூடியூபில் ராத்திரி பத்து மணிக்கும் வகுப்பு நடக்கிறது. சுடுமண் கம்மல், பட்டு நூல் வளையல், ரெசின் பதக்கம் என்று எதையும் வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். வாசலைத் தாண்டாத பெண்களுக்கு இது வருமானத்தைத் திறந்துவிட்டது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எல்லாரும் ஒரே படத்தைப் பார்ப்பதால், கல்யாண மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்த முதுகுகளில் ஒரே மயில் தோகை விரிக்கிறது. அதே மயிலைக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இன்னும் மலிவாகப் போட்டுத் தருகிறது.

பாத்திக்கின் கதை இதைவிட வேடிக்கை. கடையில் ‘பாத்திக் பிரிண்ட்’ சுடிதார் கிடைக்கிறது. மெழுகு விரிந்த கோடுகளும் அதில் உண்டு. ஒரு கோட்டைக் குறித்துக்கொண்டு துணியை விரித்துக்கொண்டே போனால், சில சாண் தள்ளி அதே கோடு அதே வளைவோடு திரும்ப வரும். உள்பக்கம் திருப்பினால் வண்ணம் வெளிறியிருக்கும். மெழுகிட்டுச் சாயத்தில் முக்கி எடுத்த துணியில் இரு பக்கமும் சாயம் ஏறியிருக்கும்.

அன்றைக்கு மாதிரியைத் தேடி அலைவது வேலையாக இருந்தது. இன்றைக்கு வேண்டாத மாதிரிகளைத் தள்ளுவதே பெரிய வேலை. அக்கா ஒரு வழி வைத்திருக்கிறார். வாடிக்கையாளரின் படத்தை ஒரு முறை பார்ப்பார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ட்ரேசிங் தாளில் தானே வரைவார். மறந்துபோன இடங்களில் அவருடைய கொடி புகுந்துகொள்ளும்.

போன வாரம் அவரிடம் கற்றுக்கொள்ளும் பெண் ஒருத்தி கொடி வேலையை முடித்துக் காட்டினாள். மூன்று இலைகள் கோணலாக இருந்தன. அக்கா சட்டத்துக்கு அடியில் குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தார். கத்தரியை எடுத்து இரண்டை அவிழ்த்தார். மூன்றாவதைத் தொடவில்லை.

“அதுவும் கோணல்தானேக்கா?”

“அந்த ரெண்டுலயும் நூல் தளர்ந்து போச்சு, அதனால கோணிச்சு. இதுல நூல் இறுக்கமா இருக்கு. நீ வேணும்னு வளைச்சிருக்க.”

அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஆமாக்கா” என்றாள்.