வீட்டுக்கு ஒரே போன்... விளம்பரத்துக்கே தலை சுத்துது! - புளியந்தோப்பு கலாட்டா

ஆட்டுத்தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் வீட்டு போனில், 'இறைச்சியை விடுங்கள், தாவர உணவுக்கு மாறுங்கள்' என்று ஒரு விளம்பரம். கே.பி.பார்க் குடியிருப்பில் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தவருக்கு, 'நடக்க நேரமில்லையா? வீட்டுக்கே வரும் டிரெட்மில்!' 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை கொட்டி, தெருவில் தண்ணீர் எப்போது வடியும் என்று காத்திருந்தபோது, 'நீச்சல்குளத்துடன் சொகுசு வில்லா!'

எங்கள் புளியந்தோப்பில் எந்த டீக்கடையில் நின்றாலும் இப்படி ஒரு கதை கிடைக்கும். சிரித்து முடித்ததும் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "நம்மளைப் பத்தி எல்லாமே போனுக்குத் தெரியும்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் இப்படி உளறுது?"

நியாயமான கேள்வி. பதில் தேடிப் போனால், அது சிரிப்போடு மட்டும் முடியவில்லை.

காசிமேடு ஏலமும் கண்ணுக்குத் தெரியாத ஏலமும்

இணையதளங்களில் பட்டை வடிவ விளம்பரங்களின் கதை 1994 அக்டோபரில் தொடங்கியது. அமெரிக்காவின் 'ஹாட்வயர்டு' தளத்தில் ஏ.டி அண்ட் டி உள்ளிட்ட நிறுவனங்கள் அப்போது இடம் வாங்கின. செய்தித்தாள் விளம்பரம் மாதிரிதான். யார் பார்த்தாலும் ஒரே படம். அதே வருடம் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மோன்டுலி, 'குக்கி' என்ற சின்னக் குறிப்பை உருவாக்கினார். நீங்கள் ஏற்கெனவே வந்துபோன ஆள்தான் என்பதை இணையதளம் ஞாபகம் வைத்துக்கொள்ள அது உதவியது. பின்னாளில் விளம்பரக் கம்பெனிகள் அதையே நம் பின்னால் வரும் நிழலாக மாற்றிக்கொண்டன.

இன்று நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால், அது முழுசாக வருவதற்குள் பின்னால் ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள், 'இந்த ஆளுக்கு விளம்பரம் காட்ட யார் எவ்வளவு தருகிறீர்கள்?' என்று கேட்டு, விலை பேசி, படமும் வந்துவிடும்.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் பார்த்திருப்பீர்கள். வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் விலை கேட்பார். இந்த ஏலத்தில் அது கிடையாது. உங்கள் முகம் யாருக்கும் தெரியாது. போனின் விளம்பர ஐடி, உத்தேசமான இடம், எந்த ஆப், இதற்கு முன் எதைப் பார்த்தீர்கள் போன்ற விவரங்கள் எழுதிய ஒரு சீட்டுதான் கைமாறுகிறது. கூடையையே பார்க்காமல் சீட்டை நம்பி ஏலம் கேட்டால், வஞ்சிரம் என்று நினைத்து நெத்திலி வாங்குவதும் நடக்கத்தானே செய்யும்?

துரத்தும் குக்கர்

ஆன்லைனில் ஒரு குக்கரைப் பார்க்கிறீர்கள். விலை ஒத்துவரவில்லை. பெரம்பூர் கடைக்குப் போய் பேரம் பேசி வாங்கிவிடுகிறீர்கள். புதுக் குக்கரில் சோறு வெந்துகொண்டிருக்கும்போதும் பழைய குக்கர் போனில் துரத்திக்கொண்டே இருக்கும். காரணம் எளிது. நீங்கள் பார்த்தது சீட்டில் ஏறிவிட்டது. கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கியது ஏறவே இல்லை.

இடமும் இப்படித்தான் மாறும். ஜி.பி.எஸ் அனுமதி இல்லாதபோது, நெட் இணைப்பின் முகவரியை வைத்து ஊரைக் கணிப்பார்கள். மொபைல் டேட்டாவில் இந்தக் கணக்கு பல நேரம் தவறும். புளியந்தோப்பில் உட்கார்ந்திருப்பவரை பெங்களூருக்காரர் என்று நினைத்து, அங்கே வீட்டு மனை காட்டுவது இதனால்தான்.

எங்க வீட்டு 'ஆளை' பார்த்திருக்கீங்களா?

எங்கள் பக்கம் நடக்கும் பெரிய குழப்பத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. ஒரு போன் என்றால் ஓர் ஆள் என்பதுதான் விளம்பரக்காரர்களின் கணக்கு. ஒரு ரூமும் ஒரு சமையல்கட்டும் இருக்கும் வீடுகளில், போனும் தண்ணீர்க் குடம் மாதிரிதான். எல்லோருக்கும் பொது.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் புது போன் வாங்கியதும் பழையது வீட்டுக்குப் போனது. காலையில் ஆயா அதில் மூட்டுவலிக்கு வைத்தியம் கேட்பார். மதியம் அம்மாவுக்கு பிளவுஸ் டிசைன். சாயங்காலம் தம்பிக்கு கேம். ராத்திரி அப்பாவுக்கு கானா பாட்டு. நடுவில் பக்கத்து வீட்டு அக்கா வந்து குரூப்-4 மாதிரி வினாத்தாள் தேடிவிட்டுப் போவார்.

இவ்வளவையும் சேர்த்து ஒரே ஆளாகக் கற்பனை செய்து பாருங்கள்! முட்டி வலிக்க வலிக்க பிளவுஸ் தைத்துக்கொண்டே துப்பாக்கி கேம் ஆடி, கானா கேட்டபடி அரசுத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு மனிதர். அவருக்குத்தான் எங்கள் வீட்டில் விளம்பரங்கள் வருகின்றன. தம்பி கேமில் ஜெயிக்கப்போகும் நேரத்தில் மூட்டுத் தைலமும், ஆயா வைத்தியம் பார்க்கும்போது கேமிங் இயர்போனும் வந்து நிற்பதில் ஆச்சர்யமே இல்லை.

"நாங்க பேசினது எப்படித் தெரிஞ்சுது?"

"பேசிக்கிட்டுதான் இருந்தோம், உடனே விளம்பரம் வந்துடுச்சு. மைக்ல ஒட்டுக் கேக்குறாங்க" என்பது எல்லா ஏரியாவிலும் கேட்கும் புகார். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,260 ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். ரகசியமாகப் பேச்சைப் பதிவு செய்து அனுப்பியதற்கான ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால், சில ஆப்கள் திரையில் நடப்பதைப் படமாகவும் வீடியோவாகவும் வெளியே அனுப்பியது தெரியவந்தது.

போன் மைக்கில் கேட்டு விளம்பரம் செய்ய முடியும் என்று அமெரிக்காவின் காக்ஸ் மீடியா குரூப் வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொண்ட ஆவணங்கள் 2024-ல் செய்தியாயின. அதன்பின் கூகுள் அந்த நிறுவனத்தைத் தன் விளம்பரக் கூட்டாளிகள் பட்டியலிலிருந்து நீக்கியது. எனவே, சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால், பெரும்பாலான நேரம் ஒட்டுக் கேட்கத் தேவையே இல்லை. நீங்கள் பேசிய விஷயத்தை உங்களோடு பேசியவர் தேடியிருப்பார். அதுவும் உங்கள் போனிலேயே!

சிரிப்பு நிற்கும் இடம்

ஃபேஸ்புக் 2007 நவம்பரில் 'பீக்கன்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. வேறு தளங்களில் நீங்கள் வாங்கும் பொருளை அது உங்கள் நண்பர்களுக்குச் சொல்லிவிடும். மனைவிக்குத் தெரியாமல் வைர மோதிரம் வாங்கிய ஒருவரின் ரகசியம், மனைவி உட்பட எல்லோருக்கும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. வழக்கு வந்தது. 2009-ல் பீக்கன் மூடப்பட்டது.

பொது போன் இருக்கும் வீட்டில் ஒவ்வொரு விளம்பரமும் ஒரு குட்டி பீக்கன்தான். கர்ப்பப் பரிசோதனை பற்றி ஒரு பெண் தேடியது, குடியை நிறுத்த வழி இருக்கிறதா என்று ஒருவர் தேடியது, வேறு ஊரில் வேலை கிடைக்குமா என்று மகன் தேடியது... சொல்லலாமா வேண்டாமா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்தவர் கையில் விளம்பரமாக வந்து நிற்கலாம்.

கடன் இன்னும் மோசம். ஸ்கூல் ஃபீஸுக்கு என்ன செய்வது என்று வீட்டில் ஒருவர் தேடினால், 'ஐந்தே நிமிடத்தில் பணம்' என்ற அழைப்பு மொத்தக் குடும்பத்துக்கும் வர ஆரம்பித்துவிடும். ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021-ல் தந்த அறிக்கையில், அலசிய சுமார் 1,100 கடன் ஆப்களில் 600 சட்டவிரோதமானவை என்றது. 2022 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கடன் ஆப்கள் போனிலுள்ள தொடர்பு எண்களையோ போட்டோக்களையோ தொடக் கூடாது. சட்டவிரோத ஆப்கள் இதையெல்லாம் மதிப்பதில்லை. பொது போனில் ஒருவர் 'அலோ' கொடுத்தால், மிரட்டல் போவது வீட்டிலுள்ள எல்லோரின் சொந்தக்காரர்களுக்கும்.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே சிக்கல். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால், அம்மாவின் கணக்கில் கேம் ஆடும் பத்து வயதுப் பையன், விளம்பரக்காரரின் சீட்டில் நாற்பது வயதுப் பெண். சட்டம் கொடுக்கும் குடை அவன் தலைக்கு மேல் விரியாது.

இன்றே செய்யக்கூடியவை

* ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் 'ஆட்ஸ்' இருக்கும். அங்கே அட்வர்டைஸிங் ஐடியை நீக்கிவிடலாம். விளம்பரம் நிற்காது. ஆனால், ஆப்கள் அந்த ஐடியை வைத்துப் பின்தொடர முடியாது.

* கூகுள் கணக்கில் 'மை ஆட் சென்டர்' என்று ஒரு பகுதி உண்டு. மது, சூதாட்டம், கர்ப்பம், உடல் எடை குறைப்பு போன்ற விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லலாம். பொது போன் இருக்கும் வீட்டில் முதலில் செய்யவேண்டியது இதுதான்.

* அந்தரங்கமான ஒன்றைத் தேடும்போது பிரவுசரில் 'இன்காக்னிட்டோ' திறந்து தேடி, முடித்ததும் மூடிவிடுங்கள். தேடியது போனில் தங்காது.

* பல போன்களில் 'கெஸ்ட்' அல்லது இரண்டாவது யூஸர் வசதி உண்டு. பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்றைத் திறந்து கொடுக்கலாம்.

* கடன் ஆப் என்றால், பின்னால் இருக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனம் எது என்று பாருங்கள். பெயரே இல்லையென்றால் தொடாதீர்கள். மிரட்டல் வந்தால் 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுக்கலாம்.

இதையெல்லாம் ஒரே ஒருவர் தெரிந்துவைத்திருந்து பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்குழம்பு சாப்பிட்டு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, போனை நடுவில் வைத்து செட்டிங்ஸை ஒன்றாக மாற்றுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. யார் எதைத் தேடினார்கள் என்று மட்டும் அப்போது யாரும் யாரையும் கேட்க வேண்டாம்!