வாய் திறந்த பழைய கணினி

ஒற்றசேகரமங்கலத்தில் நம் அன்பர் இல்லத்திலுள்ள லினக்ஸ் கணினி மிகப் பழையது. வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய ஒலிப்பதிவை அன்னையார் கேட்க விரும்பினார், ஓசை எழவில்லை. ஒலி அட்டை பழுதென்றும் புதிது வாங்குக என்றும் கடைக்காரர் உரைத்தார். நாம் இசையவில்லை.

2003 டிசம்பரில் வெளியான 2.6 கருநிரல் முதல் லினக்ஸில் ஒலியை ஆள்வது ஆல்சா. 'ஆல்சாமிக்சர்' என்று முனையத்தில் தட்டினோம். 'மாஸ்டர்' கம்பத்தடியில் 'எம்எம்' என்றிருந்தது. வாய் கட்டப்பட்டுள்ளது என்பதே பொருள். 'எம்' விசையை அழுத்தினோம், அம்புக்குறியால் அளவை உயர்த்தினோம். மகனின் குரல் கேட்டது! செலவு ஒரு காசுமில்லை.

சுட்டெலியும் அசையாதிருந்தது. வட்டச் செருகியுடைய பழைய எலியைக் கணினி இயங்குகையில் மாட்டலாகாது. அணைத்து, மாட்டி, மீண்டும் இயக்கினோம். அன்னையார் தாமே எலியை நகர்த்திப் பதிவை மறுபடியும் ஒலிக்கச் செய்தார்.