கர்ப்பிணிகளே, வலி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

"லேசா வலிதானே, ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்." நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. மற்ற நேரத்தில் பெரிய பிரச்சினை இல்லாமல் போகலாம். வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தால் கதை வேறு.

என் அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த அன்று இரவு கடுமையான பல்வலி. மாமா தெருமுனை மெடிக்கலுக்கு ஓடி, "பல்வலிக்கு மாத்திரை குடுங்க" என்று வாங்கி வந்தார். யாருக்கு என்று கடையில் கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை. அட்டையில் 'பாராசிட்டமால்' என்று இருந்ததைப் பார்த்து, பாதுகாப்பானதுதான் என்று அக்கா இரண்டு நாள் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இதுல பாராசிட்டமால் மட்டும் இல்லம்மா, டைக்ளோபினாக்கும் சேர்ந்திருக்கு. இதோட நிறுத்திடுங்க. காலையில டாக்டரைப் பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் ஸ்கேன் செய்து, பனிக்குட நீர் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. குழந்தை இன்று நலமாக இருக்கிறது. ஆனால் அந்த இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. ஒரு அட்டையின் பின்பக்கத்தைப் படித்திருந்தால் அந்தப் பயமே வந்திருக்காது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எந்த மாத்திரைகளைச் சொல்கிறோம்?

ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், மெஃபினாமிக் ஆசிட், நாப்ராக்சன், இண்டோமெதாசின், நிமிசுலைடு. பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் இவை எல்லாம் ஒரே குடும்பம். வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றையும் குறைப்பவை. மாதவிடாய் வலிக்கும், மூட்டு வலிக்கும், பல்வலிக்கும் நாம் வாங்குவதில் பல இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

பாராசிட்டமால் இந்தக் குடும்பத்தில் சேராது. ஆனால் நம் ஊர்க் கடைகளில் பாராசிட்டமாலோடு டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் அல்லது இப்யூபுரூஃபன் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நிறைய உண்டு. என் அக்கா ஏமாந்தது இங்கேதான். அதனால் முதல் பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த பெயரையும் படியுங்கள்.

குழந்தைக்கு என்ன ஆகிறது?

நம் உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. வலி, வீக்கம், காய்ச்சலில் இதற்குப் பங்கு உண்டு. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இது சுரப்பதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. இதை 1971-ல் கண்டறிந்து சொன்னவர் இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் வேன். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

சிக்கல் என்னவென்றால், நமக்கு வலியைத் தரும் அதே பொருள் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தேவை. தாய் விழுங்கும் மாத்திரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. அங்கே முக்கியமாக மூன்று இடங்களில் பாதிப்பு வரலாம்.

1. சிறுநீரகம்: ஏறக்குறைய 20-வது வாரத்திலிருந்து பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தை கழிக்கும் சிறுநீர்தான். மருந்தினால் குழந்தையின் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் சிறுநீர் குறையும், நீரும் வற்றும். அந்த நீர்தான் குழந்தையின் நுரையீரல் வளரவும், கை கால் அசையவும் இடம் தருகிறது. பெரும்பாலும் சில நாட்கள் அல்லது வாரங்கள் தொடர்ந்து சாப்பிடும்போது இது தெரிகிறது. சிலருக்கு இரண்டே நாளில் நீர் குறைந்ததும் உண்டு. மாத்திரையை நிறுத்தினால் நீர் பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும். ஆனால் எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது.

2. இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாய்: வயிற்றில் குழந்தை மூச்சு விடுவதில்லை. ஆக்சிஜன் தாயிடமிருந்து வருகிறது. அதனால் நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தைத் திருப்பி உடலுக்கு அனுப்ப ஒரு குறுக்குக் குழாய் இருக்கிறது. பிறந்த சில நாட்களில் அது தானாக மூடிக்கொள்ளும். அதுவரை அதைத் திறந்து வைத்திருப்பதில் புரோஸ்டாகிளாண்டினுக்குப் பங்கு உண்டு. இந்த மாத்திரைகள், குறிப்பாகக் கடைசி மூன்று மாதத்தில், அந்தக் குழாயை முன்கூட்டியே சுருங்க வைக்கலாம். அப்போது இதயத்தின் வலப்பக்கத்துக்கும் நுரையீரல் ரத்தக்குழாய்களுக்கும் அழுத்தம் கூடும். பிறந்த பிறகு குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் ஆபத்து உண்டு.

இதில் ஒரு வியப்பும் இருக்கிறது. குறை மாதத்தில் பிறந்த சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய் மூடாமல் தொல்லை தரும். அப்போது பச்சிளம் குழந்தைகள் பிரிவில் அதை மூட வைக்கக் கொடுக்கும் மருந்துகளில் இப்யூபுரூஃபனும் இண்டோமெதாசினும் உண்டு. பிறந்த பிறகு உதவும் அதே மருந்து பிறக்கும் முன்பு கெடுதல் செய்யலாம்.

3. ரத்தக் கசிவு: ஆஸ்பிரினை வலிக்குச் சாப்பிடும் பெரிய அளவில் பிரசவ நேரத்தை ஒட்டிச் சாப்பிட்டால், தாய்க்கும் குழந்தைக்கும் ரத்தக் கசிவு கூடலாம். பிரசவ வலி தொடங்குவது தள்ளிப்போகவும் வாய்ப்புண்டு.

எந்த மாதத்தில் என்ன?

வாரக் கணக்கு என்பது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது.

• முதல் 20 வாரம்: இந்த மாத்திரைகளுக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில ஆய்வுகள் இல்லை என்கின்றன. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் போடக் கூடாது.
• 20 முதல் 30 வாரம்: தவிர்க்க வேண்டும். கட்டாயம் தேவை என்று டாக்டர் முடிவு செய்தால் மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாட்கள் மட்டும். இரண்டு நாளுக்கு மேல் போனால் ஸ்கேனில் நீரின் அளவைப் பார்ப்பார்கள்.
• 30 வாரத்துக்கு மேல்: வலிக்காக இவற்றைத் தொடவே வேண்டாம்.

முன்பெல்லாம் 30-வது வாரத்துக்குப் பிறகு வேண்டாம் என்பதுதான் எச்சரிக்கையாக இருந்தது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 அக்டோபரில் அதை 20-வது வாரத்துக்கு முன்னால் கொண்டுவந்தது. காரணம், மேலே சொன்ன சிறுநீரகப் பாதிப்பு.

"அப்போ டாக்டரே ஏன் எனக்கு ஆஸ்பிரின் எழுதினார்?"

இந்தக் கேள்வி பலருக்கு வரும். பதில்: அளவு. வலிக்குச் சாப்பிடும் ஆஸ்பிரின் 300 மி.கி. அல்லது அதற்கும் மேல். கர்ப்பிணிக்கு டாக்டர் எழுதுவது 75 முதல் 150 மி.கி. வரையிலான குறைந்த அளவு. இது வலிக்கு அல்ல, பிரீ-எக்லாம்சியாவைத் தடுக்க.

பிரீ-எக்லாம்சியா என்றால் கர்ப்பத்தின் பின்பாதியில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்புகளைப் பாதிக்கும் நிலை. முற்றினால் வலிப்பு வரலாம். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. முந்தைய கர்ப்பத்தில் இது வந்தவர்கள், ஏற்கெனவே ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

2017-ல் வெளியான 'ஆஸ்ப்ரே' என்ற ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினருக்குத் தினமும் இரவு 150 மி.கி. ஆஸ்பிரினும், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வைக்கும் பிரீ-எக்லாம்சியா, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 4.3 சதவீதம் பேருக்கு வந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 1.6 சதவீதம் பேருக்குத்தான் வந்தது.

ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? "இது ஹார்ட் மாத்திரையாச்சே, உனக்கு எதுக்கு?" என்று யாராவது கேட்பார்கள். பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். வலி மாத்திரையை நீங்களாக ஆரம்பிப்பதும் தப்பு. டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்துவதும் தப்பு.

வலி வந்தால் என்ன செய்வது?

இடுப்பு, முதுகு வலிக்கு ஓய்வு, மிதமான வெந்நீர் ஒத்தடம், பக்கவாட்டில் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்வது, இவையே பலருக்குப் போதும். மருந்து தேவைப்பட்டால் பொதுவாக டாக்டர்கள் முதலில் சொல்வது பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரை. அதையும் சொன்ன அளவில், தேவையான நாட்களுக்கு மட்டும். பாராசிட்டமாலால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்று 2025 செப்டம்பரில் வாட்ஸ்அப்பில் பரவியது நினைவிருக்கலாம். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே விளக்கம் தந்தது.

சில வலிகளை மாத்திரையால் அடக்கவே கூடாது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் வந்தால் அது பிரீ-எக்லாம்சியாவாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலுக்கும் அப்படித்தான். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டும்.

அடிக்கடி வரும் கேள்விகள்

கர்ப்பம்னு தெரியாம ஒண்ணு ரெண்டு போட்டுட்டேன், என்ன பண்றது?
பதற வேண்டாம். ஓரிரு மாத்திரையால் பெரும்பாலும் பாதிப்பு வருவதில்லை. இனி போடாதீர்கள். அடுத்த பரிசோதனையில் பெயர், தேதியோடு டாக்டரிடம் சொல்லுங்கள். 20 வாரம் தாண்டிப் போட்டிருந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

ஜெல், ஸ்பிரே தடவலாமா?
தோலில் தடவினாலும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். டைக்ளோபினாக் ஜெல் போன்றவற்றை டாக்டரிடம் கேட்காமல், அதுவும் கடைசி மூன்று மாதத்தில், பயன்படுத்த வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு?
இப்யூபுரூஃபன் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். டாக்டர் கொடுத்தால் பயமில்லாமல் சாப்பிட்டுப் பால் கொடுக்கலாம். ஆனால் வலிக்கான அளவில் ஆஸ்பிரின் வேண்டாம்.

போனில் செய்ய வேண்டியவை

• கடையில் முதல் வார்த்தையாக "கர்ப்பிணிக்கு" என்று சொல்லுங்கள், எத்தனையாவது மாதம் என்பதையும் சேர்த்து.
• மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து, உங்கள் பகுதி செவிலியருக்கு அனுப்பிக் கேளுங்கள். அதிகம் விற்கும் 300 மருந்து வகைகளில் 2023 ஆகஸ்டிலிருந்து கியூஆர் கோடு அல்லது பார் கோடு கட்டாயம். ஸ்கேன் செய்தால் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் வரும்.
• இரவு நேரச் சந்தேகத்துக்கு 104 மருத்துவ ஆலோசனை எண். அவசரத்துக்கு 108.
• மருந்தால் பக்கவிளைவு வந்தால் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.
• 12 வாரத்துக்குள் பிக்மி பதிவை முடித்துவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு மட்டும் அல்ல, ஆஸ்பிரின் தேவையா என்று டாக்டர் முடிவு செய்யவும் அதுவே சரியான நேரம். அந்த மாத்திரையை 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

என் அக்கா இப்போது வீட்டு மருந்து டப்பாவின் மூடியில் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார். "திருப்பிப் பார்த்துட்டுப் போடு." அவ்வளவுதான். உங்கள் வீட்டு டப்பாவிலும் இன்றைக்கே ஒட்டிவிடுங்களேன்.